சித்திரை இடிமழை: இந்த மூன்று நாட்களுக்குள் வெங்காயம் பிடுங்கலாமா?

ஏழாலைக் கமக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் ஏழாலையில் ஆறு பரப்பில் சின்ன வெங்காயம் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் தாள் சாய்ந்துவிட்டது. புத்தாண்டுக்கு இன்னும் ஐந்து நாட்களே இருப்பதால், அதற்குள் பிடுங்கிக் காயவைத்துப் பிடி கட்டிவிடலாம் என்று ஆட்களுக்கும் சொல்லிவிட்டேன். அதன் பிறகு பார்த்தால், கைத்தொலைபேசியில் இருக்கும் வானிலைச் செயலி இன்று, நாளை, நாளை மறுநாள் என மூன்று நாட்களுக்கும் இடி மின்னல் படத்தைப் போட்டு 60 சதவீதம் என்று காட்டுகிறது. மச்சானின் தொலைபேசியில் உள்ள வேறொரு செயலியில் அதே மூன்று நாட்களுக்கும் வெறும் வெயில்தான். இரண்டில் எதை நம்புவது?

வெக்கையும் இம்முறை வழமைக்கு மாறாக இருக்கிறது. மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பார்கள். நாங்களோ மாசி நடுவிலேயே போர்வையை மடித்து வைத்துவிட்டோம். இரவு பத்து மணிக்கும் மேற்குப் பக்கச் சீமெந்துச் சுவரில் கை வைக்க முடியவில்லை. வெக்கை கூடினால் மழையும் கூடும் என்று அம்மா சொல்கிறார். அது சரியா?

இன்னொரு கவலையும் உண்டு. அக்கா குடும்பம் பொம்மைவெளிப் பக்கம் தாழ்வான ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கிறது. கார்த்திகை மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இந்த மழைக்கும் பொருட்களை மேலே தூக்கி வைக்க வேண்டுமா என்று கேட்கிறார். போதாக்குறைக்கு, சித்திரை முதலாம் நாள் பெரும் புயல் வருகிறது என்று வைபரில் ஒரு குரல்பதிவும் சுற்றுகிறது. விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைமானி எழுதியது:

தம்பி, கொக்குவிலில் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்துப் பல வருடங்களாகக் குறிப்பு எழுதி வருபவன் நான். வானிலை எனது தொழில் அன்று. ஆனாலும் உங்கள் கேள்விக்கு அரைகுறையாகவேனும் விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த 60 சதவீதம். நாள் முழுவதும் மழை பெய்யும் என்றோ, குடாநாட்டின் அறுபது வீதமான இடங்களில் பெய்யும் என்றோ அதற்குப் பொருள் இல்லை. உங்கள் இடத்தில் அன்றைக்கு ஒரு சிறு அளவாவது மழை விழுவதற்கு உள்ள வாய்ப்பைத்தான் அது குறிக்கிறது. இந்தக் காலத்து இடிமுகில் ஒன்று ஐந்து முதல் பத்துக் கிலோமீற்றர் அகலமே இருக்கும். முக்கால் மணித்தியாலத்தில் எழுந்து, கொட்டி, கலைந்துவிடும். செயலிகளுக்குப் பின்னால் ஓடும் கணினி மாதிரிகளில் நல்லதென்று சொல்லப்படும் ஐரோப்பிய மாதிரியே பூமியை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர்க் கட்டங்களாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. அந்தக் கட்டத்துக்குள் ஏழாலையும் சுன்னாகமும் சேர்ந்தே அடங்கிவிடும். ஆகவே இடிமழைக்கு ஏற்ற நாளா, இல்லையா என்பதை மாதிரி ஓரளவு சரியாகச் சொல்லும். எந்தத் தோட்டத்தில், எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லாது. உங்கள் இரண்டு செயலிகளும் முரண்படுவது இதனால்தான். ஒன்று பொய் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டும் ஊகிக்கின்றன.

வெக்கையைப் பற்றி உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. பங்குனி, சித்திரை இரண்டும் முதலாவது இடைப்பருவ காலம். வாடை (வடகிழக்குக் காற்று) ஓய்ந்துவிடும், சோளகம் (தென்மேற்குக் காற்று) இன்னும் எழும்பியிருக்காது. இடையில் காற்றே இல்லாத நாட்கள் வரும். ஏப்ரல் 5ஆம் திகதியளவில் இலங்கையின் தென்முனையில் உச்சியில் நிற்கும் சூரியன், வடக்கே நகர்ந்து, புத்தாண்டை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தின் தலைக்கு நேரே வருகிறது. அன்று நண்பகல் பன்னிரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் முற்றத்தில் நட்ட தடிக்கு நிழல் இராது. பிள்ளைகளுக்குக் காட்டிப் பாருங்கள். பாக்குநீரிணையோ பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுள்ள கடல். அது விரைவாகச் சூடேறி, இரவிலும் அந்தச் சூட்டை விடாது வைத்திருக்கிறது. மூன்று பக்கமும் இப்படிக் கடலும் நீரேரியும் சூழ்ந்த நிலத்தில் இரவு எப்படிக் குளிரும்? வெப்பமானி 32 பாகை காட்டினாலும், ஈரப்பதன் 70 வீதம் இருந்தால் உடல் உணரும் வெப்பம் 41 பாகையை நெருங்கிவிடும். உலக வெப்பம் பதிவான ஆண்டுகளில் 2024ஆம் ஆண்டே மிக அதிகம் என்று உலக வானிலை நிறுவனம் அறிவித்தது. ஆகவே போர்வையை முந்தி மடித்தவர் நீங்கள் மட்டும் அல்ல.

அந்தச் சூடும் ஈரமும் மழைக்கு வேண்டிய விறகு. தீ மூட்டுவதற்கு வேறொன்று வேண்டும். கடற்காற்று உட்புகுந்து, எதிரேயுள்ள காற்றோடு மோதி மேலே எழ வேண்டும். வன்னிப் பெருநிலத்தில் அதற்கு இடம் தாராளமாக உண்டு. எங்கள் குடாநாடு ஒடுங்கியது, தட்டையானது. அதனால் முகில் பெரும்பாலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பிற்பகலில் திரள்கிறது. மேல்மட்டக் காற்று தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசினால் அது பின்னேரம் எங்களை நோக்கி வரும். இல்லாவிட்டால் தூரத்து மின்னலைப் பார்த்துக்கொண்டு வியர்வையோடு படுக்க வேண்டியதுதான். எனது குறிப்பேட்டில் "முழக்கம் மட்டும், மழை இல்லை" என்று எழுதிய நாட்கள் ஏப்ரலில் நிறையவே உண்டு.

எனவே மூன்று நாளைக்கு முன்கூட்டியே தீர்மானிக்க முயலாதீர்கள். காலையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைப் பாருங்கள். வடக்கைக் குறிப்பிட்டு "பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று இருந்தால், காலை நேரம் உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளலாம். நண்பகலுக்குப் பின் செய்மதிப் படத்தையும், இந்தியாவின் காரைக்கால் ராடர் படத்தையும் பாருங்கள். காரைக்கால் எங்களிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தூரம். அந்தத் தூரத்தில் ராடரின் கற்றை தரைக்கு மேல் இரண்டு கிலோமீற்றருக்கும் அதிக உயரத்தில் செல்வதால், தாழ்ந்த சிறு தூறல் தப்பிவிடும். உயர்ந்து நிற்கும் இடிமுகில் தப்பாது. படத்தில் கிரீன்விச் நேரம் போட்டிருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். இதை மறந்து, பின்னேரம் திரண்ட முகிலைக் காலையில் கலைந்துபோனது என்று நினைத்து நெல்லை நனையவிட்டவர்களில் நானும் ஒருவன்.

வைபர் குரல்பதிவை அழித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2016 மே மாதத்தில், பின்னர் ரோனு என்று பெயரிடப்பட்ட தாழமுக்கம் இலங்கையை அண்டி உருவாகி நாட்டையே நனைத்தது. ஆனால் அப்படியொன்று வருவதாக இருந்தால், நாட்கணக்கில் முன்னரே அது எல்லா மாதிரிகளிலும் தெரியும், திணைக்களமும் அறிவிக்கும். பெயர் சொல்லாத ஒருவரின் குரலில் முதலில் வராது.

புன்னாலைத் தோட்டம் எழுதியது:

வானத்தைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் வெங்காயத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆறு பரப்பையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் வெங்காயம் ஒரு மழையைத் தாங்கும். எங்கள் செம்மண் தண்ணீரை உடனே உள்ளே இழுத்துவிடும். பாத்தியின் வரம்பை இரண்டு இடத்தில் வெட்டி விட்டால் போதும். பிடுங்கித் தாள் வாடிக் கிடக்கும் வெங்காயம்தான் தாங்காது. ஒருமுறை நனைந்து, மறுநாள் இந்த வெயிலில் வெந்தால், கழுத்துப் பக்கம் வழுவழுத்துவிடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். பிடி கட்டித் தொங்கவிட்டு இரண்டு கிழமை கழிய மணம் அடிக்கத் தொடங்கும். போன வருடம் விதை வெங்காயத்துக்கென்று வைத்ததில் கால்வாசி எனக்கு அப்படித்தான் போனது.

ஆகவே உங்கள் கொட்டிலுக்குள் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவை மாத்திரம் ஒரு நாளைக்குப் பிடுங்குங்கள். ஆட்களைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லி, பதினொரு மணிக்கு வேலையை முடியுங்கள். ஒரு மணிக்கு வானம் வெளித்திருந்தாலும் உள்ளே அள்ளிவிடுங்கள். கொட்டிலுக்குள் கொள்ளாததைப் படங்கால் மூடுவதாக இருந்தால், வெங்காயத்தின் மேல் நேராகப் போடாதீர்கள். நான்கு தடி நட்டு, இடுப்பளவு உயரத்தில் இழுத்துக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். இந்த வெக்கையில் படங்குக்குக் கீழே வியர்த்து அழுகுவது மழையில் அழுகுவதை விட விரைவாக நடக்கும். தண்ணீர் இறைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கிணற்றடி எழுதியது:

உங்கள் அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நாவாந்துறையில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் இது எனக்குப் பாடமாகவே தெரியும்.

கார்த்திகை வெள்ளமும் சித்திரை வெள்ளமும் ஒன்றல்ல. குடாநாட்டுக்கு வருடத்தில் கிடைக்கும் ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் விழுந்துவிடுகிறது. அப்போது அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் தண்ணீரைக் குடித்துக் குடித்து நிறைந்துபோய், கிணற்று நீர் கட்டுக்கு அருகே வந்துவிடும். நீரேரியும் உயர்ந்திருப்பதால் வாய்க்கால் தண்ணீர் போய்ச் சேர இடமின்றித் திரும்பும். அதற்கு மேல் ஒரு சூறாவளி வந்தால் என்ன நடக்கும் என்பதை 2008 நவம்பரில் நிஷா காட்டியது. ஒரே நாளில் 390 மில்லிமீற்றர் அளவில் கொட்டிய மழை பல நாட்கள் வற்றவில்லை. 2020 டிசம்பரில் புரவியும், 2024 நவம்பரில் பெங்கலும் வந்தபோதும் நிலம் ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

இப்போது உங்கள் அக்காவை வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கயிறு எவ்வளவு நீளம் இறங்குகிறது? மாரியில் கையால் அள்ளிய கிணறு இப்போது அடியில் கிடக்கும். நிலத்துக்குள் அவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, நீரேரியும் வற்றிக் கிடக்கிறது என்பதே அதன் பொருள். ஆகையால் வீட்டுக்குள் நாட்கணக்கில் தண்ணீர் நிற்கும் ஆபத்து இந்த மழையில் மிகவும் குறைவு.

ஆனாலும் ஒழுங்கை நிரம்பக்கூடும். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் கொட்டினால், ஒரு பரப்புக் காணியில் மட்டும் ஏறத்தாழ 12,600 லீற்றர் விழுகிறது. ஐயாயிரம் லீற்றர்ப் பவுசர் இரண்டரையை முற்றத்தில் திறந்துவிட்டது போல. மண் முற்றமாக இருந்தால் அது இறங்கும். எங்கள் பக்கத்தில் இப்போது வீட்டுக்கு வீடு சீமெந்து போட்டு, மதில் கட்டி, ஒழுங்கைக்குக் கொங்கிறீற்றும் போட்டாயிற்று. முன்னர் வேலியூடாக வடிந்த தண்ணீர் இப்போது ஒரே மதவை (ஒழுங்கைக்குக் கீழே போகும் நீர்வழியை) தேடி ஓடுகிறது. அந்த மதவுக்குள் மாதக்கணக்கான வெயிலில் சேர்ந்த சருகும் சொப்பிங் பையும் ரெஜிபோமும் அடைந்து கிடக்கும். கோடையின் முதல் பெருமழை அவ்வளவையும் அள்ளிக்கொண்டு வந்து வாயில் இறுக்கிவிடும். வாய்க்கால் துப்புரவு செய்ய வேண்டியவர்களுக்கு இரண்டு முறை எழுத்தில் கொடுத்தும் எங்கள் ஒழுங்கைக்கு ஒருவரும் வரவில்லை. கடைசியில் அயலவர் நான்கு பேர் மண்வெட்டியோடு இறங்கி, ஒரு காலைப்பொழுதில் ஒன்பது உரப்பை குப்பை எடுத்தோம். ஒரு பையில் முழு மெத்தை உறையே வந்தது.

அக்காவிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கட்டிலையும் அலுமாரியையும் தூக்க வேண்டாம், மதவைப் பார்க்கச் சொல்லுங்கள். நிலத்தோடு இருக்கும் மின்செருகி நீட்டியை மட்டும் மேலே எடுத்து வைக்கட்டும். தண்ணீர் உண்மையிலேயே வீட்டுக்குள் ஏறினால், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் இருபத்துநான்கு மணித்தியாலமும் இயங்கும்.

குருநகர்க் கரை எழுதியது:

வெள்ளத்தையும் வெங்காயத்தையும் எல்லோரும் பேசுகிறீர்கள். இந்த மாதத்தில் ஆளைக் கொல்வது மின்னல். கடலில் நாங்கள் பயப்படுவதும் மழைக்கு அல்ல. மழைக்கு ஐந்து பத்து நிமிடம் முன்னால் வரும் காற்றுக்கு. கடல் தட்டுப்போலக் கிடக்கும், திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். அதற்குள் கரையை எட்டாவிட்டால் வள்ளம் எங்கள் பேச்சைக் கேட்காது. தோட்டத்திலும் அந்தக் குளிர்காற்றைச் சுகம் என்று நின்று வாங்காதீர்கள்.

மின்னல் வெட்டியதும் விநாடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்குங்கள். மூன்று எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது என்று கணக்கு. வேலையை விட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியும் வரை வெளியே வரக் கூடாது. கிடுகுக் கொட்டில் கட்டடம் ஆகாது. பனைக்குக் கீழே ஒதுங்குவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எங்கள் ஊரில் தலை கருகி நிற்கும் பனைகளே சாட்சி.

ஏழாலைக் கமக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. குருநகர் அண்ணை, கொட்டிலைத்தான் நான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் சீமெந்தால் கட்டிய மோட்டர் அறை ஒன்று இருக்கிறது. அதன் திறப்பை வாங்கி வைக்கிறேன். மழைமானி ஐயா, ஒரு சந்தேகம். நேற்றுப் பின்னேரம் அச்சுவேலியில் நல்ல மழை என்று சொன்னார்கள். நேற்றைய மழைத் தரவில் யாழ்ப்பாணத்துக்குப் பூச்சியம் என்று இருந்ததே?

மழைமானி எழுதியது:

இரண்டு காரணங்கள், தம்பி. திணைக்களத்தின் நாள் காலை 8.30இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. ஆகவே நேற்றுப் பின்னேர மழை இன்றைய கணக்கில்தான் வரும். இரண்டாவது, யாழ்ப்பாணம் என்று போடுவது திருநெல்வேலியில் உள்ள நிலையத்தின் அளவு. அச்சுவேலியில் நிலம் நனைந்தபோது திருநெல்வேலியில் புழுதி பறந்திருக்கலாம். உங்கள் தோட்டத்து மழையை அறிய வேண்டுமானால், அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள ரின் ஒன்றை வெளியான இடத்தில் வைத்து, மழை விட்டதும் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். எந்தச் செயலியை விடவும் அது உண்மை பேசும்.

ஏழாலைக் கமக்காரன், நான்கு நாட்களுக்குப் பின் எழுதியது:

நடந்ததை எழுதிவிடுகிறேன், பின்னர் தேடி வருபவர்களுக்கு உதவும்.

முதல் நாள் காலை இரண்டு பரப்புப் பிடுங்கினோம். பிற்பகல் இரண்டே முக்காலுக்குத் தென்கிழக்கே நீர்வேலிப் பக்கம் கருக்கட்டியது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் இருபத்துநான்கு எண்ணினேன். ஆட்களைக் கூட்டிக்கொண்டு மோட்டர் அறைக்குள் போனோம். ஏழு பேர், ஒரு மோட்டர், வெக்கை, கேட்க வேண்டாம். வெளியே காற்றும் புழுதியும் மாங்காய் விழும் சத்தமும் மட்டும்தான், ஒரு துளி விழவில்லை. "படித்தவர்களின் பேச்சைக் கேட்டு ஒரு மணித்தியால வேலை போச்சு" என்று ஒரு அம்மா சொன்னார். இரண்டாம் நாள் வெயில். அன்று இன்னும் இரண்டு பரப்பு. செயலி அன்றைக்கும் 60 என்றே காட்டியது.

மூன்றாம் நாள் காலையிலேயே புழுக்கம் வேறு மாதிரி இருந்தது. ராடரில் பூநகரிப் பக்கம் சிவப்பாகத் தெரியத் தொடங்கியதும் அன்று பிடுங்குவதை விட்டுவிட்டு, காய்ந்ததை உள்ளே அள்ளினோம். மூன்றரைக்குத் தொடங்கி நாற்பது நிமிடம் கொட்டியது. பால்மா ரின்னில் அளந்தேன்: 31 மில்லிமீற்றர். பாத்தியில் தண்ணீர் ஒரு மணித்தியாலமும் நிற்கவில்லை. அந்த அம்மா மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை.

பொம்மைவெளியில் எங்களை விடக் கூடவே பெய்திருக்கிறது. முதல் நாளே அத்தான் மதவுக்குள் கொக்கத்தடியை விட்டு இழுத்திருந்தபடியால், படிக்குக் கீழே வரை ஏறிய தண்ணீர் இருட்டுவதற்குள் வடிந்துவிட்டது. எதிர்ப்பக்க ஒழுங்கையில் மறுநாள் காலையிலும் கணுக்கால் அளவு நின்றதாம்.

இன்னும் இரண்டு பரப்பு மண்ணுக்குள் கிடக்கிறது. மண் காய்ந்ததும், புத்தாண்டு கழித்துப் பிடுங்குகிறோம். ஆட்களுக்குக் காலை ஆறு மணி என்று சொல்லியிருக்கிறேன்.